சுரங்க ஆஸ்பத்திரியில் அடுப்பு எங்கே இருந்தது?

வாசகர் கேள்வி, ஜூன் 2

அண்ணே, போன மாசம் திருச்சியிலிருந்து நேரா ஹோ சி மின் சிட்டிக்கு ஃபிளைட் பிடிச்சு கு சி சுரங்கம், அதான் அமெரிக்காவோட நடந்த போர்ல வியட்நாம் போராளிகள் ஒளிஞ்சிருந்த இடம், பார்த்துட்டு வந்தோம். ஆபரேஷன் ரூம், மீட்டிங் ரூம், சமையலறை எல்லாம் பூமிக்குள்ளேயே. சமையலறையில ரெண்டு பேர் உட்கார்ந்தா மூணாவது ஆள் வெளியே நிக்கணும். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போச்சு. நீங்க ஜப்பானோட ஒகினாவா தீவுல, ரெண்டாம் உலகப் போர்ல ராணுவம் நடத்தின ஹேபாரு சுரங்க ஆஸ்பத்திரி போனதைச் சொன்னப்ப சமையலறையைப் பத்தி ஒரு வார்த்தை வரலையே. ஒரு குன்றுக்குள்ள முப்பது சுரங்கம் வெட்டத் தெரிஞ்சவனுக்கு ஒரு அடுப்படி வெட்டத் தெரியாதா? மியூசியத்துக்காரங்க எதையோ விட்டுட்டாங்கன்னு தோணுது.

ஜூன் 2, இரவு

யாரும் எதையும் விடவில்லை. ஹேபாருவில் சுரங்கத்துக்குள் சமையலறை கிடையாது. சோறு பொங்கியது வெளியே, குன்றின் அந்தப் பக்கம். அங்கிருந்து ஆள் தூக்கி வரவேண்டும். யார் தூக்கினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாளை எழுதுகிறேன், இப்போது கண் சொருகுகிறது.

ஜூன் 3

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுப்புக் கதை புரியாது.

1944 அக்டோபர் 10-ம் தேதி அமெரிக்க விமானங்கள் ஒகினாவாவின் நாஹா நகரத்தைக் குண்டு போட்டு எரித்தன. அங்கே இருந்த ஜப்பானிய ராணுவ மருத்துவமனை ஊரைவிட்டு ஹேபாருவின் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு மாறியது. பக்கத்தில் கோகானேமோரி என்று ஒரு சின்னக் குன்று. அதிலும் சுற்றுப்புறத்திலுமாக முப்பது சுரங்கங்கள் வெட்டினார்கள். 1945 மார்ச் கடைசியில் கப்பலிலிருந்து பீரங்கி அடி ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரி மொத்தமும் மண்ணுக்குள் போனது. டாக்டர், நர்ஸ், ராணுவ மருத்துவ உதவியாளர் என 350 பேர். அவர்களோடு மார்ச் 23 இரவு கூட்டிவரப்பட்ட பள்ளி மாணவிகள் 222 பேர், ஆசிரியர்கள் 18 பேர். பிற்பாடு ஹிமேயூரி மாணவிகள் என்று உலகம் அறிந்தது இவர்களைத்தான். வயது 15-லிருந்து 19.

இப்போது நாம் உள்ளே போய்ப் பார்க்கக் கிடைப்பது 20-ம் எண் சுரங்கம். 2007 ஜூனில் திறந்தார்கள். உயரம் 1.8 மீட்டர், அகலமும் 1.8 மீட்டர், நீளம் 70 மீட்டர் அளவில். ஹெல்மெட்டும் டார்ச்சும் கையில் கொடுத்து உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூட்டிப்போவார். சுவரில் குந்தாலி கொத்திய தடம் நேற்றுக் கொத்தியதுபோல நிற்கிறது. அடியில் கருகிய மரத்தூண்களின் மிச்சம். தரையில் தோண்டி எடுத்த மருந்துக் குப்பிகள். மேற்கூரையில் ஓரிடத்தில் ஒற்றை எழுத்து கீறியிருக்கிறது, 'காங்' என்ற கொரியக் குடும்பப் பெயர். யார் கீறினாரோ, படுத்தபடி கை எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. வழிகாட்டி டார்ச்சை அதன்மேல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

என்னோடு வந்தது அம்மா. அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நான் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து அகலத்தை அளந்துகொண்டிருந்தார். அங்கே சுவரை ஒட்டி இரண்டடுக்குப் பலகைக் கட்டில் போட்டு நோயாளிகளைக் கிடத்தியிருந்தார்கள். "கட்டில் போக மீதி இடத்துல ஸ்ட்ரெச்சர் எப்படிடா திரும்பும்?" என்றார். மொழிபெயர்த்துக் கேட்டேன். வழிகாட்டி அம்மாள் தலையை மட்டும் ஆட்டினார்.

மாணவிகளுக்குத் தூங்க இடம் இல்லை. தூணில் சாய்ந்து நின்றபடியே கண் அயர்ந்தார்கள் என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 3, பின்னிரவு

ஒருவர் "இயற்கைக் குகைதானே, வெட்டியது என்கிறீர்களே" என்று கேட்டிருக்கிறார். ஒகினாவாவின் தெற்கில் சுண்ணாம்புக் குகைகள் நிறைய, ஊர்க்காரர்கள் காமா என்பார்கள். மக்கள் ஒளிந்ததும், கடைசியில் இந்த மாணவிகள் போய்ச் சேர்ந்ததும் அந்த மாதிரிக் குகைகளில். ஹேபாரு அப்படி அல்ல. ஆள் வைத்து வெட்டியது. இரண்டையும் குழப்பி எழுதிய பயணக் கட்டுரைகள் எக்கச்சக்கம்.

ஜூன் 5

சரி, அடுப்பு.

சுரங்கத்துக்குள் ஏன் சமைக்கவில்லை என்பதற்கு என் பதில் ஒரே வார்த்தை: காற்று. புகையைப் பற்றிப் பேசும் முன்னாலேயே காற்று. 70 மீட்டர் நீளக் குழாய்க்குள் காயம்பட்டவர்களை நெருக்கி அடுக்கியிருக்கிறது. வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெய் விளக்கும். ஆபரேஷன் நடக்கும்போது மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் மாணவிகள் வேலை. உள்ளே காற்று கெட்டுப்போனால் துணியை விசிறி விசிறி வாசல் பக்கம் தள்ளுவார்கள். விசிறி அடித்தால்தான் மூச்சு விடலாம் என்ற இடத்தில் விறகடுப்பு மூட்டினால் எதிரி தேவையில்லை, அடுப்பே எல்லோரையும் முடித்துவிடும்.

"வெட்டத் தெரியாதா" என்று கேட்டீர்கள். வெட்டத் தெரிந்தது. உள்ளே மூச்சு விட வைப்பதுதான் கஷ்டம்.

ஜூன் 5, கொஞ்சம் கழித்து

"அப்போ கு சியில மட்டும் எப்படி?" நான்கு பேர் ஒரே கேள்வி. நியாயமான கேள்வி.

கு சியில் நீங்கள் குனிந்து போய்ப் பார்த்த அந்த அடுப்புக்கு ஹோவாங் காம் அடுப்பு என்று பெயர். ஹோவாங் காம் என்பது ராணுவச் சமையல்காரர் ஒருவரின் பெயர். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில், 1950களின் தொடக்கத்தில், அவர் செய்துபார்த்த வேலை இது. 1954-ல் தியன் பியன் பூ முற்றுகையில் இதே அடுப்பில்தான் வியட்நாம் படைக்குச் சோறு வெந்தது. அதற்குப் பிறகுதான் அமெரிக்கப் போரும் கு சியும்.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. நம்ம கல்யாண வீட்டுப் பின்கட்டில் வெட்டும் கோட்டை அடுப்புக்குப் பின்பக்கம் ஒரு நீள வால் முளைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பைப் பள்ளத்தில் வைக்கிறார்கள். புகை நேரே மேலே போக வழி கிடையாது. பின்னால் வெட்டிய வாய்க்கால் வழியாகத்தான் போயாக வேண்டும். வாய்க்காலை மரக்கொம்பு, இலைதழை போட்டு மூடி, மேலே ஈரமண் அப்பியிருக்கும். போகிற வழியில் புகை ஆறும், கரி ஓரங்களில் படியும், ஈரம் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் வெளியே வருவது மேலே எழும்பத் தெம்பில்லாத, தரையோடு தவழும் மெல்லிய ஆவி. விடியுமுன் சமைத்தால் அது பனிமூட்டத்தோடு கலந்துவிடும். விமானத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

நான் போனபோது செய்து காட்டினார்கள். அடுப்படியில் ஒருவர் விறகைத் தள்ளுகிறார், நாங்கள் தள்ளி நிற்கிற இடத்தில் சருகுக் குவியலுக்கு அடியிலிருந்து சன்னமாகக் கசிகிறது. பக்கத்தில் நின்ற குழந்தை அதைக் காலால் கலைத்துவிட்டு ஓடியது.

இதில் கவனிக்க வேண்டியது: அந்த அடுப்படி பள்ளத்தில் இருக்கிறதே தவிர, காற்றே இல்லாத ஆழத்தில் இல்லை. கு சி சுரங்கத்தில் மேலும் கீழுமாக அடுக்குகள் உண்டு. சமையல் மேல்மட்டத்தில். யாரும் பத்து மீட்டர் ஆழத்தில் குழம்பு கொதிக்கவைக்கவில்லை.

ஜூன் 6

"நாய் மோப்பம் பிடிக்காதா?" பிடிக்கும். அமெரிக்கர்கள் மோப்ப நாய்களைக் கொண்டுவந்தார்கள். காற்றுத்துளைகளில் மிளகாய்ப் பொடி தூவுவது, அமெரிக்கச் சோப்பைத் தேய்த்து வைப்பது என்று அதற்கும் மாற்று கண்டுபிடித்தார்கள். தன் எஜமான் வாசனை வந்தால் நாய் என்ன செய்யும், வாலை ஆட்டும்.

ஜூன் 8

ஹேபாருவுக்குத் திரும்புவோம். நான் எழுத நினைத்ததே இதுதான், அடுப்பில் மாட்டிக்கொண்டேன்.

சமையல் நடந்த இடத்துக்கும் சுரங்கங்களுக்கும் நடுவே குன்று. குன்றின்மேல் ஒரு பாதை. இன்றைக்கு மெஷிஅகே பாதை என்று அதைப் பேணி வைத்திருக்கிறார்கள், அதாவது சோறு வாங்கி வரும் பாதை. நடந்து பார்க்கலாம். வெந்த சோற்றை மரப்பீப்பாயில் போட்டு, கம்பு கோர்த்து, முன்னால் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத் தோளில் தூக்கிக்கொண்டு இந்தப் பாதையில் ஏறி இறங்க வேண்டும். விடியுமுன் ஒருமுறை, பொழுது சாய்ந்தபின் ஒருமுறை, பீரங்கி கொஞ்சம் ஓயும் நேரம் பார்த்து. ஓயும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. குண்டு விழுந்தால் குப்புறப் படுக்கலாம், ஆனால் பீப்பாய் கவிழக்கூடாது. கவிழ்ந்தால் ஒரு சுரங்கம் முழுக்கப் பட்டினி.

மே மாதம் ஒகினாவாவில் மழைக்காலம் ஆரம்பம். நாங்கள் போனதும் மழை விட்டுவிட்டுப் பெய்த நாளில்தான். மண் வழுக்குகிறது. முதுகில் ஒரு பை, கையில் தண்ணீர் பாட்டில், அவ்வளவு சுமையோடு எனக்கே மூச்சு வாங்கியது. அம்மா பாதியில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "எங்க வார்டுல சாப்பாட்டு ட்ராலி அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தாலே நோயாளி சத்தம் போடுவான். டயட் கிளார்க்கோட சண்டை போடுவோம். இதுங்க யாரோட சண்டை போடுறது?"

சுரங்கத்துக்குள் நிற்கும்போது எனக்கு ஏற்படாத ஏதோ ஒன்று இந்தப் பாதையில் ஏற்பட்டது. உள்ளே இருட்டு, நெருக்கடி எல்லாம் இருக்கிறது, ஆனால் ஹெல்மெட், டார்ச், வழிகாட்டி என்று நமக்கும் பாதுகாப்பு இருக்கிறது. பாதை சாதாரணமான பாதை. பச்சைப் பசேல். பறவை கத்துகிறது. ஒளிய ஓரிடம்கூட இல்லை என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைக்கிறது.

ஆகவே கேள்வி கேட்ட தம்பிக்கு: நீங்கள் இடுப்பொடியக் குனிந்து பார்த்தீர்களே, அந்தக் குறுகலான சமையலறை, அது ஒரு சௌகரியம். அடுப்பு உள்ளே இருந்தால் சோற்றுக்காக வெளியே யாரும் ஓட வேண்டாம்.

ஜூன் 9

சோற்றின் அளவு கேட்டிருக்கிறார்கள். பிழைத்தவர்களின் சாட்சியம்: ஆரம்பத்தில் டென்னிஸ் பந்து அளவு சோற்றுருண்டை, நாளைக்கு இரண்டு. போகப்போக பிங்பாங் பந்து அளவு, நாளைக்கு ஒன்று.

கேட்கும்போது "சின்னதாகிவிட்டது" என்றுதான் மனதில் பதிகிறது. கணக்குப் போட்டால் வேறு. டென்னிஸ் பந்து குறுக்களவு 67 மி.மீ. அளவில். அந்தக் காலத்துப் பிங்பாங் பந்து 38 மி.மீ. கன அளவு பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. இரண்டு வேளை ஒரு வேளையானதையும் சேர்த்தால் பத்தில் ஒன்றுக்கும் கீழே. கிராமில் சொன்னால் சுமார் 30 கிராம் சோறு, 50 கலோரிகூட வராது. தையல் போட்ட, கால் எடுத்த ஆளுக்கு ஒரு நாள் முழுக்க இதுதான்.

வீட்டில் உருட்டிப் பார்த்தேன். இரண்டு விரலில் நிற்கிறது. என் மகள் ஒரே வாயில் போட்டுக்கொண்டு "இன்னொண்ணு" என்றாள்.

ஜூன் 9, மாலை

கேலி செய்தவருக்கு: ஆமாம், அரிசியை அளந்து பார்ப்பது என் வியாதி. வேறு யாருக்கும் தொற்றாது, பயப்படாதீர்கள்.

ஜூன் 11

வாசனைப் புட்டி பற்றி எழுதவில்லையே என்று ஒரு நண்பர். போய்வந்தவர் போல.

சுரங்கத்துக்குள் அன்றைக்கு என்ன நாற்றம் இருந்திருக்கும் என்று, பிழைத்தவர்கள் சொன்னதை வைத்து, செயற்கையாகக் கலந்து ஒரு சின்னப் புட்டியில் வைத்திருக்கிறார்கள். விருப்பப்பட்டவர்கள் முகர்ந்து பார்க்கலாம். கேள்விப்பட்டபோது எனக்கு முகம் சுளித்தது. சாவு வீட்டு நாற்றத்தை டப்பாவில் அடைத்துக் காட்டுவது என்ன மாதிரி ரசனை? கண்காட்சித் தந்திரம் என்றுதான் நினைத்தேன்.

நான் மூடியைத் திறந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அம்மா வாங்கி, மூக்குக்கு நேரே பிடித்து, நிதானமாக இழுத்தார். வேலை பார்த்த காலத்தில் கட்டுப் பிரிக்கும்போது செய்வாராம், புண் எந்த நிலையில் இருக்கிறது என்று வாசனையிலேயே தெரியுமாம். மறுபடி ஒருமுறை இழுத்துவிட்டுச் சொன்னார்: "சீழ் இருக்கு. மூத்திரம் இருக்கு. வேர்வை. பீனால் இல்ல, டெட்டால் இல்ல. ஆஸ்பத்திரி வாசனையே இதுல இல்லடா."

அதற்குப் பிறகு தந்திரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் முழுசாக ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. அம்மாவுக்கு அது ஒரு ரிப்போர்ட். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற கல்லூரிப் பையன்களுக்கு அது ஒரு சவால், யார் அதிக நேரம் பிடிப்பது என்று. ஒரே புட்டிதான்.

ஜூன் 12

அம்மா இன்னொன்றும் கேட்டார், அதையும் எழுதிவிடுகிறேன். வழிகாட்டி மருந்தைப் பற்றி, மயக்க மருந்து தீர்ந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது இடையில் புகுந்து, "பெட்பேன் யார் எடுத்தாங்க?" என்றார். மாணவிகள்தான். மலஜலம் எடுப்பது, தண்ணீர் மொண்டு வருவது, வெட்டி எடுத்த கை கால்களை வெளியே கொண்டுபோய்ப் போடுவது, புண்ணில் நெளியும் புழுவை எடுப்பது, எல்லாம் அவர்கள்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மார்ச் 29 இரவு இதே ஹேபாருவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர்களுக்குப் பட்டமளிப்பு விழாகூட நடந்தது. வெளியே பீரங்கி.

"நர்ஸ்கள்" என்று இழையில் இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அல்ல. மாணவிகள். நர்ஸ்கள் தனியாக இருந்தார்கள்.

ஜூன் 14

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டே இதை விட்டால் சரியாக இருக்காது.

மே கடைசி வாரத்தில் ஜப்பானியப் போர்முனை உடைந்து, ஆஸ்பத்திரியைத் தெற்கே நகர்த்த உத்தரவு வந்தது. நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள். நடக்க முடியாத நோயாளிகளுக்குப் பாலில் பொட்டாசியம் சயனைடு கலந்து கொடுக்கப்பட்டது. வாயில் வைத்ததைத் துப்பிவிட்டுத் தவழ்ந்து வெளியேறியவரின் சாட்சியம் இருக்கிறது, அதனால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. பிங்பாங் பந்து அளவு சோறு கொடுக்கவே வழியில்லாத இடத்தில் அன்றைக்குப் பால் கிடைத்திருக்கிறது.

வழிகாட்டி இதைச் சொன்னபோது நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு "என்ன கொடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 15

ஒருவர் பிடித்துக்கொண்டார், சரியான பிடி: "பாதைதான் ஆபத்து என்கிறீர்கள். மாணவிகளும் ஆசிரியர்களுமாக 240 பேரில் 136 பேர் செத்தது ஹேபாருவில் அல்லவே, பெரும்பாலும் தெற்கே போனபிறகுதானே?"

ஆமாம், எண்ணிக்கை அப்படித்தான். ஹேபாருவில் இருந்தபோது இறந்த மாணவிகள் சிலரே. ஜூன் 18 இரவு, சுற்றிலும் அமெரிக்கப் படை நிற்கும்போது, "இனி நீங்களே உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற பொருளில் கலைப்பு உத்தரவு கொடுத்தார்கள். அடுத்த நாள் தெற்கே இஹாரா என்ற ஊரில் ஒரு குகைக்குள் வாயுக்குண்டு விழுந்து, உள்ளே இருந்தவர்களில் எண்பதுக்கு மேல் போய்விட்டார்கள். அந்தக் குகை வாசலில்தான் இன்றைய ஹிமேயூரி அமைதி அருங்காட்சியகம், 1989-ல் பிழைத்தவர்களும் பள்ளியின் பழைய மாணவிகளும் சேர்ந்து எழுப்பியது. பிழைத்த பாட்டிமார்கள் 2015 வரை அங்கே நேரில் பேசினார்கள்.

அப்படியென்றால் என் பாதை வாதம் என்னாவது? யோசித்துப் பார்த்தேன். சாவுக் கணக்கில் அது நிற்காது. நான் வைக்கும் கணக்கு வேறு. தெற்கே நடந்தது சில நாட்களில் முடிந்த பேரழிவு. பாதையில் நடந்தது தினசரி வேலை. இன்றைக்குப் பிழைத்து வந்தவள் நாளைக்கு விடியுமுன் மறுபடி கம்பைத் தோளில் வைக்க வேண்டும், வாரக்கணக்கில். ராணுவம் அதைப் போர் என்று எண்ணவே இல்லை, வீட்டு வேலை என்றுதான் எண்ணியது. பொம்பளைப் பிள்ளைகள் சோறு எடுத்து வருவதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு. எனக்கு ஆத்திரம் அங்கேதான் வருகிறது. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஜூன் 16

புடாபெஸ்ட் போய்வந்தவர் எழுதியிருந்தார், கோட்டைக் குன்றுக்கு அடியில் உள்ள பாறை மருத்துவமனை. நான் போனதில்லை. அது வேறு ரகம்: கான்கிரீட், மின்சாரம், காற்றோட்ட இயந்திரம் என்று நகராட்சி முறையாகக் கட்டி 1944 பிப்ரவரியில் திறந்தது. அறுபது எழுபது பேருக்கென்று திட்டமிட்ட இடத்தில் முற்றுகையின்போது அறுநூறு பேர்வரை அடைத்தார்கள். காற்றாடி ஓட மின்சாரம் இருந்தால் எல்லாமே மாறிவிடுகிறது என்பதற்கு நல்ல உதாரணம். மெழுகுப் பொம்மைகள் பயமுறுத்தின என்கிறார். ஹேபாரு சுரங்கத்துக்குள் பொம்மை இல்லை, அந்த மட்டுக்கும் நல்லது.

ஜூன் 18

கொஞ்சம் திசை மாறுகிறேன். குன்றிலிருந்து இறங்கியதும் பசி. பக்கத்துக் கடையில் அரிசி உருண்டை வாங்கலாம் என்று போனால் ஒகினாவாவில் பாதிக்குப் பாதி ஸ்பாம் வைத்தது. டப்பாவில் வரும் பன்றி இறைச்சி. போருக்குப் பிறகு 1972 வரை அமெரிக்க நிர்வாகத்தில் இருந்த தீவு, அந்த ராணுவத்தோடு வந்த டப்பா அப்படியே வீட்டுச் சமையலில் தங்கிவிட்டது. இப்போது ஸ்பாமும் முட்டைப் பொரியலும் வைத்து மடித்த சோற்றுக்கு நாஹாவில் வரிசையில் நிற்கிறார்கள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அம்மா ஒவ்வொரு பொட்டலத்தையும் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்ட, நான் லேபிள் படித்து உதட்டைப் பிதுக்க, கடைக்காரப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். கடைசியில் உப்பில் ஊறின உமே பழம் வைத்தது கிடைத்தது. "நம்ம நார்த்தங்காய் தேவலை" என்று சொல்லிக்கொண்டே இரண்டு சாப்பிட்டார். பாதையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும்தான்.

ஜூன் 20

கு சியைப் பற்றிக் கடுமையாக எழுதிவிட்டேன் என்று தம்பி வருத்தப்படுகிறார். கடுமை ஒன்றும் இல்லை, எனக்கு அங்கே இரண்டு மனசு.

ஒரு பக்கம், நாம் தவழ்கிற சுரங்கம் சுற்றுலாக்காரர்களுக்காக அகலப்படுத்தியது. வெளியே காசு கொடுத்தால் ஏகே-47 சுடலாம், அந்தச் சத்தம் காதில் அறைந்துகொண்டே இருக்க, வழிகாட்டி ஆபரேஷன் அறையைக் காட்டுகிறார். பாராசூட் துணியைச் சுவரிலும் கூரையிலும் கட்டி மண் உதிராமல் பார்த்துக்கொண்டது, காயம்பட்டவனின் சொந்த ரத்தத்தையே பிடித்துத் திரும்ப ஏற்றியது என்று அவர் சொல்வதில் பாதி துப்பாக்கிச் சத்தத்தில் போய்விடுகிறது. எரிச்சலாக இருந்தது.

இன்னொரு பக்கம் அந்த மரவள்ளிக்கிழங்கு. அவித்து, வேர்க்கடலை-எள் பொடியோடு தட்டில் வைக்கிறார்கள், போராளிகள் சாப்பிட்டது இதுதான் என்று. சும்மா ஒரு சுற்றுலாச் சடங்கு என்று கையில் எடுத்தேன். ஆனால் ஹேபாருவை நினைத்துப் பார்க்கும்போது அது சடங்காகத் தோன்றவில்லை. ஒரு போர் அருங்காட்சியகம் வந்தவன் வாயில் எதையாவது போட்டு "இதைச் சமைத்தார்கள், இந்த அடுப்பில், இந்தப் புகை இப்படிப் போனது" என்று காட்டுகிறது. பெரும்பாலான இடங்களில் பீரங்கியின் மாடல் எண்வரை எழுதிவைப்பார்கள், சமையல்காரன் யார் என்று ஒரு வரி இருக்காது. வியட்நாமில் ஓர் அடுப்புக்குச் சமையல்காரன் பெயரே வைத்திருக்கிறார்கள். இதற்காக அவர்களுக்குத் துப்பாக்கிச் சத்தத்தையும் மன்னிக்கலாம். பாதி மன்னிக்கலாம்.

ஹேபாருவையும் குறை சொல்ல முடியாது. 1990-லேயே, சின்ன ஊராட்சி அது, இந்தச் சுரங்கங்களைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்துவிட்டார்கள். போர் நடந்த இடத்தை அப்படி அறிவித்தது ஜப்பானிலேயே அதுதான் முதல்முறை. சுரங்கத்தோடு நிற்காமல் பாதையையும் சேர்த்துப் பேணியிருக்கிறார்களே, அது யாருக்கோ சமையலின் அருமை தெரிந்ததால்தான்.

ஜூன் 23

இன்று ஒகினாவாவில் நினைவு நாள், அரசு விடுமுறை. இழை நீண்டுவிட்டது, போக நினைப்பவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில்.

நாஹாவிலிருந்து பஸ்ஸில் போகலாம், காரில் பக்கம்தான். சுரங்கத்துக்கு முன்பதிவு கட்டாயம், வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். விளக்கம் ஜப்பானிய மொழியில், தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். ஊர் அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது, சுரங்கத்தின் உள்ளமைப்பை, இரண்டடுக்குக் கட்டிலோடு, மாதிரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். மூடிய இடம் பயம் என்பவர்கள் அதைப் பார்த்தாலே போதும். பாதையை முதலில் நடந்துவிட்டு அதன்பிறகு சுரங்கத்துக்குள் போவது நல்லது, நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்றால், புட்டியையும் பால் கதையையும் தாங்கும் வயதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். என் மகளை நான் கூட்டிப்போகவில்லை. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். மே, ஜூனில் போனால் குடையை விட்டுவிட்டு ரெயின்கோட் எடுத்துக்கொள்ளுங்கள், பாதையில் இரண்டு கையும் வேண்டியிருக்கும்.